டிரம்மர் ஊட்டுப் புள்ளை

ஏற்காடு
18 நவம்பர் 2024

ஏனுங்க,

நேற்று பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இந்த விஷயம் ஒரு முடிவுக்கு வரும்வரை உங்கள் போனை எடுப்பதாக இல்லை. நீங்கள் "சரி சரி" என்று சொல்லும்போதெல்லாம் பின்னால் யாரோ டிரம்ஸ் சிம்பலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மனசு முழுக்க அங்கே இருக்கிறது. காகிதம் என்றால் தனியாக உட்கார்ந்து படித்துத்தானே ஆகவேண்டும்.

நம் சக்திக்குக் காது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று.

சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் கவிதா, காப்பிப் பழம் பறித்துவிட்டு வந்தவள், பரண் மேலிருந்து பெரிய அலுமினியக் குண்டாவை எடுத்துக் கொடுத்தாள். கை நழுவி அது சிமெண்டுத் தரையில் விழுந்தது. சக்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாலடி தூரம்கூட இருக்காது. நான் அலறினேன், கவிதா அலறினாள், வெளியே நாய் குரைத்தது. சக்தி மட்டும் ஆரஞ்சுத் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். கவிதா சிரித்தாள். "பாரேன்க்கா, டிரம்மர் ஊட்டுப் புள்ளைன்னா சும்மாவா? சத்தமெல்லாம் இதுக்குத் தூசி!" நானும் கூடச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவள் திரும்புகிறாளா என்று பார்த்தேன்.

அன்று சாயங்காலம் எஸ்டேட் சங்கு ஊதும்போது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்கூட அசையவில்லை. ஆறாம் மாதத்தில் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தவள், இப்போது பத்தாம் மாதத்தில் அதையும் குறைத்துவிட்டாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள். பார்க்காதபோது நான் அவளுக்கு இல்லை.

"நீ எதையாச்சும் தேடிப் புடிச்சுப் பயப்படறவ" என்று சொன்னீர்கள். உண்மைதான். வயிற்றில் இருந்தபோது இருபது விஷயத்துக்குப் பயந்தேன். எதுவும் நடக்கவில்லை. அதனால் இப்போதும் நடக்காது என்று சொல்லிவிடாதீர்கள்.

புவனா


மும்பை
24 நவம்பர் 2024

புவனா,

உன் லெட்டர் வந்துச்சு. ஸ்டூடியோ வாட்ச்மேன் கவரை மோந்து பாத்துட்டு லவ் லெட்டரான்னு கேட்டான். ஆமான்னேன். படிச்சு முடிச்சதும் மறுபடி முதல்ல இருந்து படிச்சேன். அப்புறம் யோசிச்சேன், இல்லவே இல்லன்னு தோணுச்சு. ஏன்னு சொல்றேன் கேளு.

மூணாம் மாசத்துல இருந்து அவ என் பக்கத்துல படுத்துத்தானே நான் பிராக்டிஸ் பண்ணுனேன்? கிக் டிரம்மை ஒரு மிதி மிதிச்சா கால் ரெண்டும் துள்ளும். நான் நிறுத்துனா அவளும் நிறுத்துவா. துள்ளலா ஃபங்க் வாசிச்சா உதைப்பா, ஜாஸுக்கு பிரஷ்ஷால தடவி வாசிச்சா தூங்கிடுவா. நீயே பாத்துச் சிரிச்சிருக்க. காது கேக்காத குழந்தை எப்படி புவனா தாளத்துக்குக் கால் உதைக்கும்? பிடிவாதக்காரி, அவ்வளவுதான். உன்னை மாதிரி.

இங்க வேலை நொம்ப. காலையில விளம்பரப் பாட்டு ஒண்ணு, மத்தியானம் ஃபங்க் ரெக்கார்டிங், சாயங்காலம் ஓட்டல்ல ஜாஸ். ஒரே நாள்ல மூணு விதமான ஆளு நான். எஸ்டேட் ஸ்கூல் பேண்டுல மார்ச்சிங் டிரம் தட்டுனவன், சேலத்துல பெரியநாயகம் அண்ணன் குழுவுல கல்யாணக் கச்சேரி வாசிச்சவன், பெங்களூர் பப்புல நாலு வருஷம் கிடந்தவன். எதுவும் வீணாப் போகல. "கண்ணனைக் கூப்பிடு, எதைக் குடுத்தாலும் வாசிப்பான்"னு இங்க சொல்றாங்க. சாக்ஸபோன் வாசிக்கிற எங்க லீடர் மார்ச் கடைசியில பதினெட்டு ஊர் சுத்தப் போறார். டிரம்ஸுக்கு என் பேர்தான் முதல்ல. போஸ்டர்ல பேர் வரும் புவனா. பதினாலு வருஷத்துல முதல் தடவை.

உனக்கு மனசு கேக்கலைன்னா நீயே சோதிச்சுப் பாரு. பின்னால நின்னு மணி அடி. அப்புறம் என் பழைய கிக்கை ஒரு மிதி மிதி. துள்ளுவா பாரு. அப்ப நீயே போன் பண்ணுவ.

கண்ணன்


ஏற்காடு
2 டிசம்பர் 2024

ஏனுங்க,

நீங்கள் சொன்னபடியே செய்தேன்.

பூஜை மணி, கரண்டியும் தட்டும், கவிதாவின் விசில், குக்கர், எல்லாம் பின்னால் இருந்து. ஒன்றுக்கும் திரும்பவில்லை. என் நிழல் முன்னால் விழுந்தால் மட்டும் திரும்புகிறாள். அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்தேன்.

அப்புறம் உங்கள் அறையைத் திறந்தேன். சிமெண்டுத் தரையில் ஈரம் ஏறி டிரம்மெல்லாம் பூத்துப்போகிறது என்று நீங்களே பலகை அடித்து ஒரு மேடை போட்டீர்களே, அதன் ஓரத்தில்தானே அவள் பாய் எப்போதும் கிடக்கும். அங்கேயே படுக்க வைத்துவிட்டு கிக்கை மிதித்தேன். துள்ளினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். உங்கள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொரு தடவை மிதித்தேன், சும்மா, சந்தோஷத்தில். அப்போது என் கால் பலகை மேல் இருந்தது. பலகையின் அதிர்வு உள்ளங்காலில் அடித்தது.

கவிதாவைக் கூப்பிட்டேன். சக்தியைத் தோளில் போட்டுக்கொண்டு பலகையை விட்டு இறங்கி நிற்கச் சொன்னேன். மிதித்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் ஓங்கி மிதித்தேன். கவிதா திடுக்கிட்டாள், அவள் தோளில் இருந்தவள் கவிதாவின் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். மறுபடி பலகையில் படுக்க வைத்தேன். துள்ளினாள். எடுத்தேன், இல்லை. வைத்தேன், துள்ளினாள். ஏழெட்டு தடவை செய்தேன். கவிதாதான் போதும் என்று கையைப் பிடித்தாள்.

வேறு வீடாக இருந்தால் நாலாம் மாதமே கண்டுபிடித்திருப்பார்கள். நாம்தான் தினமும் பார்த்துச் சிரித்தோம். பலகை ஆடியதைக் காது கேட்கிறது என்று நம்பினோம்.

இருபத்து மூன்றாம் தேதி சேலத்தில் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறேன். வருவீர்களா?

புவனா


மும்பை
17 டிசம்பர் 2024

புவனா,

லேட்டாத்தான் எழுதறேன். நாலு தடவை எழுதிக் கிழிச்சேன்.

இருபத்து மூணுக்கு நான் வரல. ரெக்கார்டிங் இருக்குன்னு சொல்லிக்கலாம், இருக்கவும் இருக்கு. ஆனா அது காரணம் இல்ல.

நீ மாசமா இருந்தப்ப அந்த அறையில தினமும் நாலு மணி நேரம் வாசிச்சேன். நீ சுவத்துல சாஞ்சு உக்காந்து பட்டாணி உரிப்ப. "கொஞ்சம் மெதுவா வாசிங்களேன், உள்ள இருக்கறவ திடுக்குன்னு ஆவறா"ன்னு ஒரு நாள் சொன்ன. ஃபங்க்கை எப்படி மெதுவா வாசிக்கறதுன்னு கிண்டல் பண்ணுனேன். ஞாபகம் இருக்கா? எனக்கு இப்ப அது மட்டும்தான் ஞாபகம் வருது.

அந்த டாக்டர், "வீட்டுல சத்தம் அதிகமா இருந்துச்சா"ன்னு ஒரு கேள்வி கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அதுக்கு அப்புறம் குச்சியை எப்படிப் பிடிப்பேன்? எனக்கு வேற தொழில் தெரியாது புவனா. கேக்கறதுக்கே பயமா இருக்கு.

மே மாசம் வரைக்கும் பொறு. டூர் முடியட்டும். நாம சேந்தே போலாம். ஊர்ல யாருக்கும் சொல்லாத.

கண்ணன்


ஏற்காடு
28 டிசம்பர் 2024

ஏனுங்க,

பொறுக்கவில்லை. போய்விட்டு வந்துவிட்டேன்.

குழந்தை தூக்கத்தில் இருக்கும்போதுதான் அந்தப் பரிசோதனை செய்வார்களாம். அதனால் வழியில் தூங்க விடாமல் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். முருகேசன் ஜீப்பில் போனோம். மூன்றாவது வளைவிலேயே கண்ணைச் சொருகிவிட்டாள். மற்ற அம்மாக்கள் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், பாட்டுப் பாடுவார்கள். நான் அடிவாரம் வரைக்கும் அவள் உள்ளங்காலைச் சுரண்டிக்கொண்டு, முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்தேன். "ஏனுங்க, புள்ளையைக் கொஞ்சம் தூங்க விடக்கூடாதா?" என்று முருகேசனே கடிந்துகொண்டார். காரணத்தைச் சொன்னேன். ஊரில் சொல்லாதே என்றீர்கள். சொல்லிவிட்டேன். அப்புறம் அவர் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார், அவள் முழித்துக்கொள்ளட்டும் என்று.

பரிசோதித்தவர் அமலி மேடம். தலையில் நாலு வயரை ஒட்டி, காதில் சத்தம் விட்டு, திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கேட்டால் ஏறி இறங்கவேண்டிய கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காதிலும்.

நீங்கள் கேட்கப் பயந்த கேள்வியை நானே கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் டிரம்மர். வயிற்றில் இருந்தப்போ தினமும் வாசிச்சார். அதனாலயா?" அவர் சிரிக்கவில்லை. "இது பிறவியிலயே உள்காதுல இருக்கற குறை. அவர் வாசிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எழுதித் தரச் சொன்னேன். அந்தச் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு, மூன்று மாதம் காதில் கருவி போட்டுப் பார்ப்பார்கள். அதில் பலன் இல்லை என்றால் உள்ளே கருவி வைக்கிற அறுவை சிகிச்சை. மூளை சத்தத்தைப் பழகிக்கொள்கிற வயது இதுதானாம். சீக்கிரம் வைத்தால் பேச்சு வரும். தள்ளிப்போகப் போக கஷ்டம்.

பொங்கலுக்காவது வாருங்கள்.

புவனா


ஏற்காடு
10 மார்ச் 2025

ஏனுங்க,

பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்தீர்கள். அவள் காதுக் கருவியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போய் சில்வர் ஓக் மரத்தடியில் நின்றீர்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போய்க் கூட்டி வரவில்லை. எனக்கும் அப்படி ஒரு மரத்தடி வேண்டியிருந்தது, யார் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது?

இரண்டு மாதத்துக்கு மேல் கருவி போட்டும் பலன் இல்லை. அறுவை சிகிச்சைக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். ஏப்ரல் ஒன்பது, புதன்கிழமை.

உங்கள் டூர் மார்ச் முப்பத்தொன்றில் தொடங்கி மே பத்தில் முடிகிறது. நாட்காட்டியைப் பார்க்காமலே எனக்குத் தெரியும்.

யார் எதைக் கேட்டாலும் அதற்கேற்ற மாதிரி வாசிப்பவர் நீங்கள். கல்யாண வீட்டுக்கு ஒரு மாதிரி, ஓட்டலுக்கு ஒரு மாதிரி, விளம்பரக்காரனுக்கு ஒரு மாதிரி. நாங்கள் இரண்டு பேரும் என்ன கேட்டால் வாசிப்பீர்கள்?

வருவீர்களா, மாட்டீர்களா? ஒரு வரி போதும்.

புவனா


மும்பை
14 மார்ச் 2025

புவனா,

ஒரு வரியில சொல்ல முடியல. மன்னிச்சுக்க.

நான் மாட்டேன்னு சொல்லல. ஒரு மாசம் தள்ளிப் போட முடியுமான்னு மட்டும் கேட்டுப் பாரு. மே பத்துக்கு டூர் முடியுது, பதினொண்ணாம் தேதி நான் வீட்டுல இருப்பேன். ஒரு மாசத்துல என்ன ஆயிடப் போகுது? டாக்டர்கிட்ட கேட்டுப் பாக்கறதுல தப்பில்லையே.

இந்த டூர்ல வாசிச்சுட்டா அதுக்கு அப்புறம் என்னை யாரும் "அந்தச் சேலத்துப் பையன்"னு கூப்பிட மாட்டாங்க. விட்டுட்டா மறுபடி வரிசையில கடைசி. எனக்கு முப்பத்தாறு வயசு. உனக்குத் தெரியாததா? கேட்டுட்டு எழுது. நீ என்ன எழுதறியோ அதுப்படி நடக்கறேன்.

கண்ணன்


மும்பை
24 மார்ச் 2025

புவனா,

பத்து நாளாச்சு. பதில் இல்ல. போனும் எடுக்கல. கவிதா நம்பருக்கு அடிச்சேன், "அக்கா நல்லா இருக்குதுங்க, புள்ளையும் நல்லா இருக்குதுங்க"ன்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு. யாரு சொல்லிக் குடுத்த பாடம்னு தெரியும்.

ஒரு மாசம் தள்ளுன்னு கேட்டவனுக்கு என்ன பதில் எழுதறதுன்னுதானே விட்டுட்ட. புரிஞ்சிடுச்சு.

இன்னிக்குக் காலையில லீடர்கிட்ட சொல்லிட்டேன். "என் புள்ளைக்கு ஆபரேஷன், நான் டூருக்கு வரல." அவர் என் தோளைத் தட்டினார். வெளியே போய் போன் பண்ணுனார். நான் டீ குடிச்சு முடிக்கலை புவனா, ஆள் கிடைச்சிட்டான். கொல்கத்தாக்காரன். அவனும் எதைக் குடுத்தாலும் வாசிப்பானாம். பதினாலு வருஷமா நான் சேத்து வெச்சது ஒரு டீ ஆறறதுக்குள்ள இன்னொருத்தன்கிட்ட இருந்துச்சு.

"திங்கட்கிழமை கிளம்பற வரைக்கும் மனசு மாறினா சொல்லு, உனக்குத்தான் முதல் உரிமை"ன்னார். மாறாதுன்னேன்.

இங்க ரெண்டு ரெக்கார்டிங் பாக்கி. முடிச்சுட்டு ஏப்ரல் மூணு கிளம்பறேன். பெரியநாயகம் அண்ணனுக்குப் பேசிட்டேன். கல்யாணக் கச்சேரி எப்பவும் இருக்கு, வாடான்னார். சிரிச்சார். சிரிக்காம இருந்திருக்கலாம்.

உன்மேல கோபமான்னு கேட்டா, ஆமா. கொஞ்சம். ஆனா முடிவு நான் எடுத்ததுதான்.

சக்திக்கு ஒரு முத்தம்.

கண்ணன்


ஏற்காடு
28 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை

ஏனுங்க,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. வாசலிலேயே நின்று படித்தேன். படித்ததும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் ஒன்பதில் அறுவை சிகிச்சை இல்லை.

போன பதினைந்தாம் தேதி சக்திக்குக் காய்ச்சல். இடது காதில் சீழ் வந்தது. பதினேழாம் தேதி சேலம் கூட்டிப்போனேன். இதோடு கத்தி வைக்க முடியாது, முழுக்கக் காயவேண்டும் என்று நாளை மாற்றிவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், பயப்பட வேண்டாம். ஒரு மாதம் தள்ளினால் பாதகமில்லை என்று அமலி மேடமே சொன்னார். புதிய தேதி மே பதினாலு.

கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? மே பத்தில் டூர் முடிகிறது. பதினொன்றாம் தேதி வீட்டில் இருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் கேட்டது தானாகவே நடந்துவிட்டது. அது எனக்குப் பதினேழாம் தேதியே தெரியும். தள்ளிப்போடக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஆஸ்பத்திரிச் சீட்டும் உங்கள் கடிதமும்.

நான் எழுதவில்லை. மறக்கவில்லை, நேரமில்லாமல் இல்லை. கவிதாவிடமும் சொல்லாதே என்றேன். அவள் "பாவம்க்கா அண்ணன்" என்றாள். "உன் வேலையைப் பாரு" என்று கத்தினேன்.

தேதி தள்ளிப்போனது தெரிந்தால் நீங்கள் நிம்மதியாகக் கிளம்பிப் போவீர்கள். எங்களுக்கும் டூருக்கும் நடுவில் நிறுத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியாமலே போய்விடும். ஒரே ஒரு தடவை அதைத் தெரிந்துகொள்ளவேண்டும் போல இருந்தது. தெரிந்துகொண்டேன். அதற்கு உங்கள் பதினாலு வருஷத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். டீ ஆறுவதற்குள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் திரும்பப் படிக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை. அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷம் பயிற்சி இருக்கிறது. வாரம் இரண்டு நாள் சேலம், மீதி நாள் வீட்டில். ஒரே சத்தத்தை நூறு தடவை, இருநூறு தடவை, அலுக்காமல், அதே அளவில், அதே இடைவெளியில் அவளுக்குக் காட்டவேண்டும். அமலி மேடம் ஒத்திகைக்கு என்னைச் செய்யச் சொன்னார். எட்டாவது தடவையே என் குரல் மாறிவிட்டது. "பொறுமையா இருக்கற ஆள் வீட்டுல யாரும்மா?" என்று கேட்டார். ஒரே அடியை மணிக்கணக்காக அடித்துக்கொண்டிருப்பவர் ஒருவர் இருக்கிறார் என்றேன். அப்போதே உங்களை எனக்காக எடுத்துக்கொண்டுவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் செவ்வாய்க்கிழமைதான் கிடைக்கும். திங்கட்கிழமை அவர்கள் கிளம்பியிருப்பார்கள். நீங்கள் இங்கே வந்துதான் ஆகவேண்டியிருக்கும். காலையிலிருந்து அந்த ஆசையோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். கவரில் முகவரிகூட எழுதிவிட்டேன்.

கவரைக் கிழித்துவிட்டேன். இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து இப்போதே உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். மணி பதினொன்றரை. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. லீடரிடம் உண்மையைச் சொல்லுங்கள், பெண்டாட்டி மறைத்துவிட்டாள் என்று சொல்லுங்கள். போவதென்றால் போய் வாசித்துவிட்டு வாருங்கள், நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். மே பதினாலு வரை எனக்குத் தனியாகச் சமாளிக்கத் தெரியும்.

வர்றதா இருந்தா, எல்லாம் தெரிஞ்சு வாங்க.

புவனா